மடிநோய் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: ஐயா, எங்களிடம் ஆறு கலப்பின ஜெர்சி மாடுகள் இருக்கின்றன. சிமெண்டுத் தரைக் கொட்டகை. இரண்டு மாடுகளுக்கு மாறி மாறி மடிநோய் வருகிறது. ஊசி போட்டால் நாலைந்து நாளில் சரியாகி, ஒரு மாதத்தில் மறுபடி வீங்குகிறது. மற்ற மாடுகளின் பாலிலும் எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைந்து பால் சங்கத்தில் விலை கிடைப்பதில்லை. தீவனத்தை மாற்றியும் பயனில்லை. காலையில் கறக்க ஆள் வருகிறார், நாலைந்து வீடு கறந்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். என்ன செய்யலாம்? – ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, நாலைந்து வீடு கறந்துவிட்டு வருகிறார் என்று, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு மாட்டு மடியிலிருந்து இன்னொரு மாட்டு மடிக்கு இந்தக் கிருமி போவது பெரும்பாலும் கறக்கும் கை வழியாகத்தான். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி மடிக்குள் சிறு சிறு கட்டிகளாகப் பதுங்கிக்கொள்ளும், மருந்து அங்கே எளிதில் எட்டாது. ஊசியில் வீக்கம் வடிகிறது, நோய் உள்ளேயே இருக்கிறது. உங்கள் இரண்டு மாடுகளுக்கும் அதுதான் நடக்கிறது என்பது என் சந்தேகம்.

மற்ற நான்கும் நோயில்லாதவை என்று நினைக்காதீர்கள். வீக்கமும் வலியும் இல்லாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோய்தான் அதிகம். அப்போது பாலில் லாக்டோஸ் குறையும், உப்பு கூடும். எஸ்.என்.எஃப் குறைவதற்கு அது ஒரு காரணம். வீட்டிலேயே சோதிக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரையுங்கள். நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, பால் அளவுக்கே இந்தக் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கஞ்சிபோலக் கெட்டியானால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. கன்று போட்ட முதல் வாரத்திலும் பால் வற்றும் சமயத்திலும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இனி கறவை வரிசை. சோதனையில் தப்பிய மாடுகள் முதலில், நோயுள்ளவை கடைசியில். ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மடியைத் துடைக்க மாட்டுக்கொரு துணி வேண்டும். முதல் இரண்டு பீச்சுப் பாலைத் தரையில் விடாமல் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள், பால் திரிந்து கட்டியாக வந்தால் உடனே தெரியும். கட்டைவிரலை மடக்கிக் கறப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், காம்பின் உட்சுவர் புண்ணாகும். முழுக்கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. பால் நுரையைத் தொட்டு விரலை ஈரமாக்கும் பழக்கமும் கூடாது.

கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். கடையில் கிடைக்கும் கரைசலை எப்படிப் பயன்படுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கறந்த பிறகு காம்புத் துவாரம் மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடு அதற்குள் படுத்துவிடாமல் இருக்க, தீவனத்தைக் கறவை முடிந்ததும் வையுங்கள்.

அப்புறம் தரை. மாடு ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் படுத்து அசைபோட வேண்டிய பிராணி. சாணியும் மூத்திரமும் தேங்கிய சிமெண்டில் படுத்தால் மடி நாள் முழுக்க அதில்தான் ஊறும். நாற்பது அடிக்கு ஓரடி சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அடியிலே தேங்குவதைத் தினமும் தூக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பே கெடுதல். பகலில் கொஞ்ச நேரம் காய்ந்த மண் தரையில், நிழலில், நீளக் கயிற்றில் கட்டுங்கள். கட்டுத்தறியிலேயே நாளெல்லாம் நிற்கும் மாட்டுக்கு மடி மட்டுமல்ல, குளம்பும் கெடும்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவும் முறையைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரவலாக்கினார். மடியைக் கழுவிவிட்டு, நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் தடவ வேண்டும். ஆரம்ப வீக்கத்துக்கு நல்ல துணை, நானும் சொல்வதுண்டு. ஆனால் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், பால் மஞ்சள் தண்ணீராக வந்தால் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. சில மணி நேரத்தில் மாடு படுத்துவிடும். உடனே மருத்துவரை அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கும் பேசலாம்.

உங்கள் இரண்டு மாடுகளுக்கு அடுத்த ஊசி போடுவதற்கு முன்பு பால் மாதிரியைச் சோதியுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சுகளை விட்டுவிட்டு, சுத்தமான மூடியிட்ட பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்த பிறகு போடும் ஊசிக்குத்தான் பலன். போட்ட மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து அட்டையில் எழுதியிருக்கும் நாள்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள். அதில் தயிர்கூடச் சரியாக உறையாது.

சினையாக இருந்தால், கன்று போட 60 நாள் இருக்கும்போது கறவையை நிறுத்தி, நான்கு காம்பிலும் வற்றுக்கால மருந்தை (கறவை நிறுத்திய காலத்துக்கான மடி மருந்து) மருத்துவரை வைத்து ஏற்றுங்கள். பதுங்கிய கிருமியைப் பிடிக்க அதுதான் நல்ல சமயம். அதற்குப் பிறகும் ஒரு மாட்டுக்கு அதே காம்பில் வந்துகொண்டே இருந்தால், அந்தக் காம்பைக் கறவையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று காம்பு மாடும் நன்றாகக் கறக்கும்.