திருவையாற்றில் மூன்று கட்சி

கேள்வி: தியாகராஜ ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதை வருடா வருடம் டிவியில் பார்க்கிறோம். இது தியாகராஜர் மறைந்த காலத்திலிருந்தே இருக்கிறதா? யார் ஆரம்பித்தது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தக் காட்சிக்கு இன்னும் நூறு வயதே ஆகவில்லை. ஆராதனை என்பது சங்கீத மேதை தியாகராஜரின் நினைவு நாள் விழா. அவர் மறைந்தது 1847-ல். அப்புறம் பல வருடம் சீடர்கள் அவரவர் ஊரிலேயே திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், திருவையாற்றில் காவிரிக் கரையில் இருந்த சமாதியோ புதர் மண்டிக் கிடந்தது. 1903-ல் சீடர்கள் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அதைச் சீர் செய்தார்கள். பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பி ஆராதனையைப் பெரிதாக்கினார்கள். பெரிதானதும் என்ன, சண்டைதான்! பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ஒரு கட்சி ஆராதனை நாளுக்கு முந்தைய நாட்களிலும் இன்னொன்று அன்றிலிருந்தும் தனித்தனியாக நன்கொடை வசூலித்து விழா எடுத்தன. ஒரே மகானுக்கு இரண்டு உற்சவம். அரசியல் கட்சிகளைத் திட்டும்போது நம் சங்கீதக்காரர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில் வந்தவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதி இருக்கும் நிலையைப் பார்த்து அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா வருந்திக் கடிதம் எழுத, அம்மாள் நேரே திருவையாறு வந்து, நிலத்தை வாங்கி, தேவதாசி மரபில் பிறந்து பாடிச் சம்பாதித்த சொந்தக் காசைப் போட்டுக் கோயில் கட்டினார். 1921-ல் தொடங்கிய வேலை. ஆனால் ஆராதனையில் பாட மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது, ஏனென்றால் பெண்! கட்டியவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பக்தி பாடியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர் அழுதுகொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. 1927-ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதிக்குப் பின்பக்கம் தனியாகக் கச்சேரி ஆரம்பித்துவிட்டார். ஆக, மூன்றாவது கட்சி.

1940-ல்தான் எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். (ஆங்கிலேயர் கால ஆட்சிப் பணி) அதிகாரியும் சில வித்வான்களும் பேசிப் பேசி மூன்றையும் ஒன்றாக்கினார்கள். ஆணும் பெண்ணும் ஒரே விழாவில் பாடுவதும், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் உள்ள பஞ்சரத்னக் கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடுவதும் அதற்குப் பிறகு நிலைத்த வழக்கம்தான். நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். தன் சொத்தை அந்த இடத்துக்கே எழுதிவைத்தார், பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடை இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. விவரமான அம்மாள்.

கேள்வி: அங்கே பாடும் பெரிய வித்வான்களுக்குச் சன்மானம் எவ்வளவு?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஒன்றும் கிடையாது. தியாகராஜருக்குச் செலுத்தும் அஞ்சலி என்பதால் வருகிறவர்கள் காசு வாங்குவதில்லை. சென்னை சபாவில் இரண்டரை மணி நேரம் பாடுகிறவருக்கும் இங்கே சில நிமிடங்கள்தான், அதற்குள் ஒரு கீர்த்தனையை முடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் சுருதிப் பெட்டியோடு தயாராக நிற்பார்.