வேலிக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகள் யாருடையவை? எடிசனில் வீடு வாங்கியவரின் கேள்விக்குப் பதில்

தம்பி, நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்வேலியை ஒட்டி நான்கைந்து சாய்ந்த கல்லறைக் கற்கள், ஒன்றில் 1841 என்று தெரிகிறது. அவர்கள் யார், உங்கள் மனை அவர்கள் நிலமா, அந்தப் பழைய பத்திரங்களை நம்மைப் போன்றவர்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கலாம். எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகம் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி. விசா, குடியுரிமை எதுவும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சர்வே நம்பரைக் கொடுத்து வில்லங்கம் போடுகிற பழக்கத்தோடு போனால் திணறுவீர்கள். பழைய பத்திரங்களுக்கு இங்கே ஆள் பெயர்தான் சாவி. விற்றவர் பெயர் வரிசையில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் இன்னொன்று. உங்கள் வரி ரசீதில் இருக்கும் பிளாக், லாட் எண்கள் பிற்காலத்தவை. 1800களில் அவற்றால் பயனில்லை.

வீட்டைப் பதிவு செய்தபோது கிடைத்த பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். அதில் "இன்னார் இன்ன தேதியில் எழுதிக்கொடுத்த அதே சொத்து, இத்தனையாம் புத்தகம், இத்தனையாம் பக்கம்" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் தாய்ப்பத்திரத்துக்கு வழி. அந்தப் பக்கத்தை எடுத்தால் அதிலும் முந்தைய பத்திரத்தின் குறிப்பு இருக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மனை பிரித்த கம்பெனி, அதற்கு முன் பண்ணைக்காரர் என்று படிப்படியாக இறங்கலாம்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் வாரிசுரிமையில். அப்பா இறந்து மகன் கைக்குப் போயிருந்தால் பத்திரமே எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது உயில்களைப் பார்க்கும் சரோகேட் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதுவும் நியூ பிரன்ஸ்விக்கில்தான். உயில் எழுதாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது என்பேன். நிர்வாகி நியமனம், சொத்துப் பட்டியல், மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன் என்று மூன்று நான்கு காகிதங்கள் சேர்ந்திருக்கும். கடனுக்காக ஏலம் போன நிலமென்றால், ஏலத்தை நடத்திப் பத்திரம் எழுதிக்கொடுத்த கவுண்டி அதிகாரியான ஷெரிஃபின் பெயரிலும் விற்றவர் அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

எல்லாம் கவுண்டியில் கிடைத்துவிடாது. கவுண்டி கிளார்க் பத்திரம் பதியத் தொடங்கியது 1785இல். அதற்கு முந்தையவை மாகாண அளவில் பதிவாகி, இன்று டிரென்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1900 வரையிலான மூல உயில்களும் அங்கேதான். பிறப்பு, இறப்பு, திருமணத்தை மாநிலம் பதியத் தொடங்கியது 1848 மே மாதத்தில், ஆரம்ப வருடங்களில் பலர் பதியவே இல்லை. உங்கள் 1841 ஆளுக்கு இறப்புச் சான்று தேடி அலைய வேண்டாம், கிடையாது. திருமணம் மட்டும் விதிவிலக்கு: 1795 சட்டப்படி நடத்தி வைத்தவர்கள் கவுண்டி கிளார்க்குக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஊர்ப் பெயரில். 1841இல் எடிசன் என்று ஓர் ஊரே இல்லை. அந்த நிலம் பிஸ்கடவேயிலோ வுட்பிரிட்ஜிலோ இருந்தது. 1870இல் இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்து ராரிட்டன் டவுன்ஷிப் ஆக்கினார்கள். 1954இல்தான் எடிசன் என்று பெயர் மாறியது. ராரிட்டன் என்று தேடினால் ஹன்டர்டன் கவுண்டியில் ஒன்று, மான்மத் கவுண்டியில் ஒன்று (இப்போது ஹேஸ்லட்) என்று சம்பந்தமில்லாதவை வந்து நிற்கும். மிடில்செக்ஸ் என்ற பெயரிலேயே மாசசூசெட்ஸ், கனெக்டிகட், வர்ஜினியாவிலும் கவுண்டிகள் உண்டு. வெஸ்ட் வின்சரில் வீடு வாங்கிய நண்பர்களுக்கும் இது பொருந்தும்: மெர்சர் கவுண்டி பிறந்தது 1838இல், அதற்கு முன் அந்த ஊர் மிடில்செக்ஸில்.

பழைய பிஸ்கடவே கிராமத்தின் நடுப்பகுதியே இன்று எடிசனுக்குள் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் 1693ஆம் வருடக் கல் ஒன்று உண்டு. காளான் தின்று ஒரே நாளில் இறந்த அண்ணன் தம்பிக்கானது. மூத்தவனுக்கு 13 என்று நேராகச் சொல்லிவிட்டு, இளையவனுக்கு "ஐந்தை இருமுறை சொன்ன வயது" (அதாவது பத்து) என்று செய்யுளில் எழுதியிருப்பார்கள். ஒரு முறை போய்ப் பாருங்கள். பழைய தேதிகளில் இன்னொரு சிக்கல், 1752 வரை ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25. இந்தக் கவுண்டி உருவான 1683 மார்ச் மாதம் அந்தக் காலக் கணக்கில் 1682. அதனால்தான் 1682/83 என்று இரட்டையாக எழுதுகிறார்கள்.

இனி உங்கள் கல். கம்பி பிரஷ், பிளீச், ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்துச் செம்பழுப்பு மணற்கல் ஏடு ஏடாகப் பெயரும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, அல்லது ஒரு கண்ணாடியால் ஒளியைச் சாய்த்துப் பாய்ச்சிப் படமெடுங்கள். வயது "62 வருடம் 3 மாதம் 4 நாள்" என்று இருந்தால் இறந்த தேதியிலிருந்து கழித்துப் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கலாம். பெண்ணின் கல்லில் "கன்சார்ட்" என்றிருந்தால் அவர் இறந்தபோது கணவர் உயிரோடு இருந்தார், "ரெலிக்ட்" என்றால் விதவை. இந்த ஒரு சொல் உயில் யார் பெயரில் இருக்கும் என்று காட்டிவிடும். கல் இல்லாத இடத்திலும் ஆட்கள் புதைந்திருக்கலாம், அடிமைகளாக இருந்தவர்கள் உட்பட. ஷெட் போடும் எண்ணம் இருந்தால் வேலியிலிருந்து தள்ளிப் போடுங்கள். 1804 சட்டத்துக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தைகளை உரிமையாளர்கள் கவுண்டி கிளார்க்கிடம் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பதிவேட்டிலும் பண்ணைக்காரர் பெயரைத் தேடுங்கள்.

பெயர் கிடைத்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நியூ ஜெர்சிக்கு 1790 முதல் 1820 வரையிலானவை ஏறக்குறைய முழுவதும் தொலைந்துவிட்டன. 1830, 1840இல் வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே. 1850இல்தான் ஒவ்வொருவர் பெயரும் வருகிறது, அதில் விதவையையும் பிள்ளைகளையும் பிடிக்கலாம். வீட்டுக்காரர் பெயரோடு அச்சான 1861 கவுண்டி வரைபடத்தில் உங்கள் தெரு இருக்கும் இடத்தைப் பொருத்திப் பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பத்திரப் பக்கங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். கல்லறை எழுத்துகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே படியெடுத்து வைத்த தொகுப்புகள் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் நூலகத்தில் உண்டு. இன்று மழுங்கிப்போன எழுத்து அதில் தெளிவாக இருக்கலாம்.

பத்திர அளவுகள் சங்கிலியிலும் லிங்க்ஸிலும் வரும், நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் வருவதேதான். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க்ஸ். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

கடைசியாக, கவுண்டி கிளார்க்கின் பதிவுகளில் இப்போது உங்கள் பெயரும் அடமானத் தொகையும்கூட இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் "உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டுமா" என்று அரசாங்கக் கடிதம் போலவே சில கம்பெனிகள் தபால் அனுப்பும். பணம் கட்டாதீர்கள். அதே நகலைக் கிளார்க் அலுவலகத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் வாங்கலாம்.