வெயிலில் டென்னிஸ், எவ்வளவு தண்ணீர்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஒரு மணி நேரம் ஆடினால் எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்?

ப: எடை பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆடுவதற்கு முன்னும், ஆடி முடித்து வியர்வையைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். 800 கிராம் குறைந்து, நடுவில் 700 மில்லி குடித்திருந்தால், வியர்த்தது 1.5 லிட்டர். கடும் வெயிலில் மணிக்கு 1 முதல் 2.5 லிட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் எல்லாருக்கும் ஒரே கணக்கு சொல்ல மாட்டேன். போன அளவு முழுவதையும் ஆடும்போதே குடிக்க வேண்டியதில்லை, உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால் சரி. ஆனால் எடை கூடியிருந்தால் கவனம்! ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

கே: பக்கம் மாறும்போது மட்டும் குடித்தால் போதுமா?

ப: போதும். 90 விநாடி கிடைக்கும், சில மடக்கு குடிக்கலாம். ஆனால் செட்டின் முதல் கேம் முடிந்ததும் ஓய்வு கிடையாது.

கே: என் எடை 70 கிலோ. எத்தனை லிட்டர்?

ப: முதல் பதில்.

கே: இரண்டாவது செட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. உப்புக் குறைவுதானே?

ப: இருக்கலாம். தொப்பியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுவதாக இருந்தால், லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் களைத்த தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை தாறுமாறாவதும் ஒரு காரணம். பிடித்த தசையை நீட்டினால் உடனே விடுகிறதே, நீட்டுவதால் உப்பு ஏறிவிடுமா?

கே: மேலே சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. உப்புள்ள ஊறுகாய்ச் சாறு குடித்ததும் எனக்குப் பிடிப்பு விட்டுவிடுகிறது. அது உப்பு இல்லாமல் வேறென்ன?

ப: நல்ல கேள்வி. 2010இல் வெளியான ஒரு ஆய்வில், மின்தூண்டலால் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை வரவழைத்து அதே சாற்றைக் கொடுத்தார்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் விட்டது. அதற்குள் குடித்த உப்பு ரத்தத்தில் கலந்து தசைக்குப் போய்ச் சேர முடியாது. வாயிலும் தொண்டையிலும் பட்ட அந்தக் காட்டமான சுவை, நரம்பு வழியாகப் பிடிப்பை அடக்கியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். உங்களுக்குக் குணமானது உண்மைதான், காரணம்தான் வேறு. அதோடு, உப்பையே காரணமென்று நம்பிவிட்டால், வெயிலில் நீண்ட நேரம் ஆடிப் பழகாததை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கே: அப்படியென்றால் உப்பே வேண்டாமா?

ப: அப்படிச் சொல்லவில்லை. நிறைய வியர்த்து, நிறையத் தண்ணீரும் குடிக்கிறவருக்கு உப்பு அவசியம்.

கே: ஆடுவதற்கு முன் காபி குடிக்கலாமா?

ப: தினமும் குடிக்கிறவர் என்றால் குடிக்கலாம்.

கே: 85 கிலோ, இரண்டு மணி நேரம், எத்தனை லிட்டர்?

ப: மூன்றாவது தடவை! தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். உப்பு சேர்க்கலாமா?

ப: மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

கே: கூட ஆடுகிறவர் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது. தண்ணீர் கொடுக்கலாமா?

ப: வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஆட்டத்தை அப்படியே நிறுத்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி குளிர்ந்த நீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள், பனிக்கட்டி நீர்த்தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்கித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.