எஜமானிக்குத் தெரியாதா?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டுப்பண்ணைக்காகக் குடிகளை நிலத்தைவிட்டு வெளியேற்றியதற்காக, ஸ்காட்லாந்தின் சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தைச் சென்ற இதழில் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். சாலை போட்டவர், துறைமுகம் கட்டியவர், பஞ்சத்தில் தவித்த குடிகளுக்குக் கடலோரத்தில் பிழைப்புக்கு வழி செய்தவர் அவர். காரியஸ்தர் செய்த கொடுமைக்கு லண்டனில் இருந்த எஜமானி எப்படிப் பொறுப்பாவார்?
– வாசகர், விருதுநகர்

பதில்: எஜமானிதான் பொறுப்பு. பஞ்சம் வந்தது உண்மை. சாலையும் ஹெல்ம்ஸ்டேல் துறைமுகமும் உண்மை. ஆனால் காரியஸ்தர் கை வைத்தது யார் நிலத்தில்?

1766இல், ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே அந்தச் சொத்து எலிசபெத்துக்கு வந்தது. சதர்லாந்து கவுண்டியின் பெரும்பகுதி அது. 1785இல் அவர் மணந்த லெவிசன்-கோவர் பிரிட்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக ஆனவர். 1803 முதல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வருமானமும் அவருக்கு வந்தது. கையில் காசில்லாமல்தான் சீமாட்டி குடிகளை வெளியேற்றினார் என்று சொல்ல வழியே இல்லை. செவியட் இனச் செம்மறி ஆடு மேய்க்க வரும் பெரிய குத்தகைக்காரர் கூடுதல் வாடகை தருவார். அதற்காகத்தான் பள்ளத்தாக்குகள் காலியாயின.

1814 கோடையில் அந்தச் சொத்தில் இருந்த ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மரம் அரிது. வீடு மாறுகிறவர்கள் கூரை உத்தரங்களைக் கழற்றி எடுத்துப்போய், புது இடத்தில் அதையே போட்டுக்கொள்வார்கள். சுவருக்குக் கல்லும் மண்ணும் எங்கும் கிடைக்கும், உத்தரத்துக்கு எங்கே போவது? காரியஸ்தர் பேட்ரிக் செல்லரின் ஆட்கள் கொளுத்தியது அந்த உத்தரங்களைத்தான். போகிற இடத்திலும் கூரை போட முடியாது, திரும்பி வந்து குடியேறவும் முடியாது.

பாடின்லாஸ்கின் என்ற இடத்தில் ஒரு வீட்டில் மார்கரெட் மெக்கே படுத்த படுக்கையாகக் கிடந்தார். நூறு வயதை நெருங்கிய கிழவி. வீட்டுக்குத் தீ வைத்த நிலையில் அவரைப் போர்வையோடு தூக்கிப் பக்கத்துக் கொட்டகையில் கிடத்தினார்கள். ஐந்தாம் நாள் உயிர் போய்விட்டது. (குடிசைக்குள்ளேயே எரிந்து இறந்தார் என்று மார்க்ஸ் எழுதினார். அது சரியல்ல. ஆனாலும் நடந்ததே போதாதா?)

1816இல் செல்லர் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். அவர் காலி செய்த நிலத்துக்கு அவரேதான் ஆட்டுப்பண்ணைக் குத்தகைதாரர் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவரைக் கைது செய்த ராபர்ட் மெக்கிட் என்ற அதிகாரிதான் கடைசியில் பதவியிழந்து, செல்லரிடமே எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்.

சரி, 1814இல் சீமாட்டிக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். வழக்கு நடந்த பிறகு? இங்கிலாந்துப் பத்திரிகைகள் வரை நாறிய விவகாரம் அது. செல்லர் காரியஸ்தர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், பண்ணை மட்டும் அவரிடமே இருந்தது. 1819இல், சீமாட்டி குடும்பத்துச் சொத்துகளின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் லாக்கின் பொறுப்பில், முன்பைவிடப் பெரிய அளவில் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். மறுபடியும் கூரைகள் எரிந்தன. உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் அந்த 1819தான். எல்லாம் தெரிந்த பின்னும் நடந்தது அது.

அவர் இரக்கமே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. கணவர் பாரிஸில் தூதராக இருந்த நாளில், அடைபட்டுக் கிடந்த அரசி மேரி அன்டோனெட்டின் மகனுக்குத் தம் பிள்ளையின் உடைகளைக் கொடுத்தனுப்பியவர். அந்த மனசு ஸ்ட்ராத்நேவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் நீங்கள் சொன்ன சாலை. 1799இல் இந்தக் குடும்பங்களின் பையன்களைத் திரட்டித்தான் 93ஆம் ரெஜிமென்ட்டை உருவாக்கினார்கள். சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் என்று பெயர். 1813இல் அதே சொத்தின் இன்னொரு பள்ளத்தாக்கான கில்டோனனில் வீடுகள் பறிபோனபோது அந்தப் படை தென்னாப்பிரிக்காவின் கேப்பில் காவல் காத்துக்கொண்டிருந்தது. 1815 ஜனவரியில் அமெரிக்காவோடு நடந்த போரில் நியூ ஆர்லியன்ஸில் குண்டடிபட்டுக் கொத்துக் கொத்தாக விழுந்ததும் அதே படைதான். பிழைத்தவர்களில் யாராவது படையை விட்டு அந்தப் புதுச் சாலை வழியே ஊர் திரும்பியிருந்தால், எந்த வீட்டுக்குப் போயிருப்பார்?