ஆறு கால் ஆக்டோபஸ்

வணக்கம் சார்,

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். வயது 27. சின்ன வயதிலிருந்தே படம் வரைவேன். 'ஸ்பாஞ்ச்பாப்' கார்ட்டூன் தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பெர்க் கடல் உயிரியல் ஆசிரியராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு கார்ட்டூனுக்குப் போனவர் என்று படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மூன்று கேள்விகள். அவரைப் போல நானும் வேலையை விட்டுவிடலாமா? நன்றாக வரையத் தெரிந்தால் போதுமா? சங்குக்குள் குடியிருக்கும் ஒரு துறவி நண்டு பல வருடமாக என் நோட்டில் இருக்கிறது. வெளியே காட்டினால் ஐடியாவைத் திருடிவிடுவார்களா?

பி.கு.: ஒரு காளானுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்களாமே, நிஜமா?

க.ம., தூத்துக்குடி

அன்புள்ள க.ம.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதைத் தொட்டுத்தான் நிற்கின்றன.

ஸ்பாஞ்ச்பாபின் பக்கத்து வீட்டுக்காரன் ஸ்க்விட்வார்டின் கால்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பெயரில் ஊசிக்கணவாய் இருக்கிறதே தவிர, ஆள் ஆக்டோபஸ். உங்கள் கரையில் பேய்க்கணவாய் என்பார்களே, அது. எட்டு இருக்கவேண்டும். தொடரில் நடப்பதற்கு நான்கு, கைகளாக இரண்டு, ஆக மொத்தம் ஆறு. கடலுயிர்களைப் பற்றிப் பாடம் எடுத்தவருக்கு எண்ணத் தெரியாமல் போய்விடவில்லை. எட்டையும் அசைக்க வைப்பது பெரும் சுமை என்று தெரிந்தே இரண்டை வெட்டினார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கதை 11 நிமிடம். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் 15,840 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவது வழக்கம், அப்படியும் 7,920 படங்களுக்கு இடம் இருக்கிறது. அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தாலும், ஒரே காட்சியில் இரண்டு மூன்று பேர் வருவதைக் கூட்டினாலும், பல ஆயிரத்தில்தான் போய் நிற்கும். அதில் ஒரு கால் கூடினால் இரண்டு கோடு கூடும், அந்தக் கால் எப்போது எதன் முன்னால் போகிறது, எதன் பின்னால் மறைகிறது என்ற தலைவலியும் கூடும்.

அந்தப் படங்களை ஹில்லன்பெர்க் வரையவில்லை. தொடரின் அனிமேஷன் தென் கொரியாவில், ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோவில் நடந்தது. கலிபோர்னியாவிலிருந்து போனவை ஸ்டோரிபோர்டு (கதையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படங்கள்), குரல் பதிவு, மாடல் ஷீட் (ஒரு ஆளை எப்படி வரையவேண்டும் என்று காட்டும் தாள்), எக்ஸ்-ஷீட் (சட்டகம் சட்டகமாக எழுதிய குறிப்பு). ஆகவே தொலைக்காட்சிக் கார்ட்டூனிஸ்டின் திறமை அழகாக வரைவதில் பாதிதான். தன்னைப் பார்த்தே இராத ஒருவர், வேறொரு நாட்டில் உட்கார்ந்து, அதே முகத்தைப் பிசகில்லாமல் திரும்ப வரையும்படி ஒரு முகத்தை உண்டாக்குவது மீதிப் பாதி. கரும்பலகையில் அள்ளிப் போடுகிறவர்கள் பலர் இந்த இரண்டாவது பாதியில்தான் சறுக்குகிறார்கள்.

ஸ்பாஞ்ச்பாபையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹில்லன்பெர்க் முதலில் வரைந்தது நிஜக் கடற்பஞ்சுபோல உருவமற்ற ஒரு கட்டி. பிறகுதான் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சதுரப் பஞ்சுக்கு மாறினார். கட்டியாக இருந்தால் ஆளுக்கு ஒரு மாதிரி வரைவார்கள். சதுரம் என்றால் அளவு பிடிக்கலாம், தூரத்திலிருந்து நிழலை மட்டும் பார்த்தாலும் ஆள் தெரியும். ஆனால் சதுரத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பெட்டி திரும்பும்போது முன்பக்கம் குறுகும், பக்கவாட்டு விரியும். இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் இடைப்படங்களைப் போடுகிறவர் இதில் கொஞ்சம் அசந்தால் பெட்டி ஊதி, சுருங்கி, மறுபடி ஊதும். மாடல் ஷீட்டில் முன், முக்கால், பக்கம், பின்-முக்கால், பின் என்று ஐந்து கோணங்களை ஒரே உயரக்கோட்டில் அடுக்கிப் போடுவது இதற்காகத்தான்.

அதைவிட மோசமானவை அந்தத் துளைகள். ஒவ்வொரு படத்திலும் துளை எங்கே இருக்கிறது என்று கட்டிப்போடாவிட்டால், ஓடவிட்டுப் பார்க்கும்போது உடம்பு முழுக்க எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஆள் சும்மா நிற்பான், தோல் மட்டும் கொதிக்கும். பெரிய துளை எது, சின்னது எது, எந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று தாளில் குறித்தே ஆகவேண்டும். முள், செதில், புள்ளி, வரி என்று உடம்பில் எதைச் சேர்த்தாலும் இதே கதைதான். உங்கள் துறவி நண்டின் சங்கில் புரிவரிகள் இருக்குமே? மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கால் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நண்டுக்குப் பத்து என்றாலும், துறவி நண்டின் கடைசி இரண்டு ஜோடி சிறுத்து சங்குக்குள் போய்விடும். வெளியே தெரிவது இரண்டு கொடுக்கும் நான்கு காலும். ஹில்லன்பெர்க் இரண்டை வெட்டிக் கொண்டுவந்த ஆறு உங்களுக்கு இயற்கையிலேயே கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டைக் குறைக்கத் தைரியம் இருந்தால் குறைத்துவிடுங்கள். பாடப்புத்தகம் கோபித்துக்கொள்ளட்டும்.

உயிரியலை அவர் தூக்கி எறிந்துவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. தேவையான இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொடரின் வில்லன் பிளாங்டனுக்கு ஒற்றைக் கண், ஏனென்றால் அவன் கோப்பிபாடு என்ற நுண்ணிய கடலுயிர். ஸ்பாஞ்ச்பாபின் நண்பனான நட்சத்திரமீன் பேட்ரிக் பார்க்க மந்தம். நிஜ நட்சத்திரமீனும் அப்படித்தான் தெரியும், ஆனால் சிப்பியைப் பிளந்து இரைப்பையை வெளியே தள்ளித் தின்கிற வேட்டைக்காரன். ஸ்பாஞ்ச்பாபுக்குக் கை அறுந்தால் உடனே முளைக்கிறது. 1907-இல் எச்.வி. வில்சன் கடற்பஞ்சைப் பட்டுத்துணி வழியே பிழிந்து செல் செல்லாகப் பிரித்தபோது, அவை மறுபடி ஒன்றுகூடிப் பஞ்சாகின. நீங்கள் வகுப்பில் நடத்துவதுதான். எந்த உண்மை சிரிப்பைத் தருமோ அதை வைத்துக்கொண்டார், கோடுகளை மட்டும் கூட்டுகிற உண்மையைக் கழித்துவிட்டார்.

இனி முதல் கேள்வி. 'வேலையை விட்டார், ஸ்பாஞ்ச்பாப் வந்தது' என்று இரண்டு வரியில் எழுதிவிடுகிறார்கள். நடுவில் எத்தனை வருடம் என்று பாருங்கள். 1961-இல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் ராணுவ முகாமில் பிறந்தவர், கலிபோர்னியாவின் அனஹைமில் வளர்ந்தார். 1984-இல் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் கடல் வளத்தை மையமாக வைத்துப் பட்டம். பிறகு டேனா பாயின்ட்டில் ஆரஞ்ச் கவுண்டி கடல்சார் நிலையத்தில் பிள்ளைகளுக்கு அலையிடைக் குட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அங்கே இருக்கும்போதுதான், பாடம் நடத்த உதவியாக, கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு கடற்பஞ்சு கதைசொல்லும் காமிக்ஸை வரைந்தார். பதிப்பாளர்களிடம் கொண்டுபோனார், யாரும் சீண்டவில்லை. 1987-இல் அனிமேஷன் என்று முடிவெடுத்தார். 1989-இல் கால் ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியில் ஜூல்ஸ் எங்கெல் தொடங்கிய சோதனை அனிமேஷன் பிரிவில் சேர்ந்தார். 1992-இல் முதுகலை. மாணவராக எடுத்த குறும்படங்களைப் பார்த்து ஜோ மர்ரி தன் 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்' தொடருக்கு இயக்குநராக எடுத்துக்கொண்டார். அது 1993 முதல் 1996 வரை ஓடியது. நிக்கலோடியன் என்ற பிள்ளைகள் சேனலில் ஸ்பாஞ்ச்பாபை முன்வைத்தது 1997-இல். முதல் கதை ஒளிபரப்பானது 1 மே 1999.

பட்டத்துக்கும் ஒளிபரப்புக்கும் இடையே 15 வருடம். இதில் முக்கியமானவை 'ராக்கோ' ஆண்டுகள் என்பேன். அடுத்தவர் தொடரில், அடுத்தவர் காசில், ஒரு கதையை நேரத்துக்கு முடிப்பது எப்படி என்று கற்றார். ஸ்பாஞ்ச்பாபுக்குக் கூட வந்த டெரெக் டிரைமன், நிக் ஜென்னிங்ஸ், டிம் ஹில், குரல் கொடுத்த டாம் கென்னி எல்லோரும் அங்கே கிடைத்தவர்கள். பழைய காமிக்ஸைப் பார்த்து 'இதுதான் உன் தொடர்' என்று சொன்ன மார்ட்டின் ஓல்சனும் அங்கே எழுத்தாளராக இருந்தவர்தான். ஆகவே ராஜினாமா எழுதாதீர்கள். விடுமுறை எடுக்க வழி இருந்தால் எடுங்கள், ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு திருத்துகிற வேலையிலாவது ஒரு வருடம் இருந்து பாருங்கள்.

ஸ்டோரிபோர்டு என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்பாஞ்ச்பாப் தொடரில் வசனம் எழுதிய திரைக்கதை முதலில் வராது. இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். போர்டு போடுகிறவர்கள் படம், வசனம், நகைச்சுவை மூன்றையும் சேர்த்தே உண்டாக்குவார்கள். போர்டைச் சுவரில் ஒட்டி, குரல் மாற்றி நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வராத கட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி போடவேண்டும். அப்புறம் குரல் பதிவு. பதிவான ஒலிமேல் போர்டுப் படங்களை நேரம் பார்த்து அடுக்கினால் அனிமேட்டிக். 11 நிமிடத்துக்கு மேல் போனதெல்லாம் அங்கே வெட்டுப்படும். அதற்குப் பிறகு எக்ஸ்-ஷீட்: ஒரு சட்டகத்துக்கு ஒரு வரி, அதில் அசைவு, எழுத்து எழுத்தாகப் பிரித்த வசனம், எந்த வாய் வடிவம் என்ற எண், எந்தப் படம் எதன் மேல் என்ற அடுக்கு, கேமரா என்று தனித்தனிப் பத்தி. 'ப', 'ம' வரும் இடத்தில் மூடிய வாய் ஒரு சட்டகம் தாமதமாக விழுந்தாலும் பேச்சு ஒட்டாது. ஓரிரு சட்டகம் முந்தினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

போர்டில் புதியவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான். நடுவில் உள்ள அசைவை எல்லாம் வரைந்துவிட்டு, நிற்கும் இடத்தை வரையாமல் விடுவார்கள். முகபாவம் மாறினால் குறைந்தது 8 சட்டகம், நகைச்சுவை என்றால் 12-க்கு மேலும் நிறுத்தவேண்டும். கண் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பாவம் வந்துவிட்டால் இரண்டும் வீண். இன்னொன்று, முன்காட்சியில் இடது கையில் இருந்த கரண்டி அடுத்த காட்சியில் வலது கையில் இருப்பது. அனுப்பிய பிறகு கண்டுபிடித்தால் திருத்தத்துக்குத் தனிச் செலவு.

1997-இல் ஹில்லன்பெர்க் நிக்கலோடியனில் தொடரை முன்வைத்த கூட்டத்தையும் சொல்லவேண்டும். ஹவாய்ச் சட்டை, கதாபாத்திரப் பொம்மைகள் நிரப்பிய மீன்தொட்டி, தீவுப் பாட்டு சகிதம் போனார். பிடித்துப்போனது. ஆனால் நாயகன் பள்ளி செல்லும் சிறுவனாக இருக்கவேண்டும் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. சமரசமாக வந்ததுதான் திருமதி பஃப்பின் படகோட்டும் பள்ளி. பெரியவன், வேலைக்குப் போகிறான், ஆனாலும் பள்ளிக்கும் போகிறான். இப்படி ஒரு வாசல் வைத்தால் கேட்டவருக்கும் மரியாதை, கதையும் கெடாது. பெயர் முதலில் 'ஸ்பாஞ்ச்பாய்'. துடைப்பம் ஒன்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் மாற்றினார்கள். 'ஸ்பாஞ்ச்' என்ற சொல் மட்டும் இருந்தே ஆகவேண்டும் என்று அவர் நின்றார். இல்லாவிட்டால் பிள்ளைகள் இவனைப் பாலாடைக்கட்டி மனிதன் என்று நினைத்துவிடுவார்களாம்.

மூன்றாவது கேள்வி. 'சங்குக்குள் ஒரு நண்டு' என்பது யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. வரைந்த கணத்தில் வரைபடத்துக்கு உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. தேதி போட்டு ஸ்கேன் செய்து வையுங்கள். திருட்டைவிடக் கையெழுத்துக்குத்தான் பயப்படவேண்டும். உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் நம் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் நிறுவனங்களின் பத்திரத்தில் 'என்றென்றும், உலகெங்கும்' என்ற வரி இருக்கும். அதை வாசிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தவை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கே சேரும். நண்டை அலுவலக மேசையில் வரையவேண்டாம்.

ஸ்பாஞ்ச்பாபும் நிறுவனத்தின் சொத்துதான். முதல் மூன்று பருவங்களில் 60 அரைமணி நிகழ்ச்சிகளையும் 2004-இல் திரைப்படத்தையும் முடித்ததும் ஹில்லன்பெர்க் அதோடு நிறுத்திக்கொள்ள விரும்பினார். சேனல் நிறுத்தவில்லை. பொறுப்பைப் பால் டிபிட்டிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார், தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது படத்துக்காகத் திரும்பி வந்தார். 2017-இல் தனக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று அறிவித்தார். 26 நவம்பர் 2018 அன்று, 57 வயதில் காலமானார். அந்த நோயோடும் முடிந்தவரை வேலைக்கு வந்தார்.

இந்த மாதம் நீங்கள் செய்யவேண்டியது: நண்டின் ஐந்து கோணங்களையும் ஒரு தாளில் போடுங்கள். வகுப்பில் வரையத் தெரிந்த இரண்டு பிள்ளைகளிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்து, நண்டு கோபமாகத் திரும்பிப் பார்ப்பதை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்கக்கூடாது. இருவரும் ஒரே இடத்தில் தப்பு செய்தால் தப்பு தாளில் இருக்கிறது, அந்த உறுப்பை எளிதாக்குங்கள். அது சரியானதும் 30 நொடி அனிமேட்டிக் ஒன்று: முதலில் வசனத்தைப் போனில் பதியுங்கள், பிறகு எட்டுப் பத்துக் காட்சி, 720 சட்டகம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம்தான்.

காளான் நிஜம், ஆனால் அதற்கு வைக்கப்பட்டது ஹில்லன்பெர்க்கின் பெயர் இல்லை, அவர் படைத்தவனின் பெயர். போர்னியோவின் சரவாக் காட்டில் கிடைத்தது, 2011-இல் 'ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்குவேர்பான்ட்ஸீ' என்று பெயரிட்டார்கள். ஆரஞ்சு நிறம், பிழிந்துவிட்டால் பஞ்சுபோலப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், லேசாகப் பழவாசனை அடிக்கும். வகுப்பில் சொல்லுங்கள்.