படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தோல் பராமரிப்பு: நர்ஸ் பதில்கள்

28 வருஷம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது வீடுகளுக்குப் போய்ப் படுக்கை நோயாளிகளைக் கவனிக்கிறேன். கழிவறைக்குத் தானாகப் போக முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

சிஸ்டர், அப்பாவுக்குப் பக்கவாதம். டயப்பர்தான். தினமும் டெட்டால் தண்ணீரில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் போடுகிறோம். அப்படியும் தொடை இடுக்கு செக்கச்செவேல் என்று இருக்கிறதே? (திருநெல்வேலி)

இவ்வளவும் செய்வதால்தான் அம்மா. நல்ல தோலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு, பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 பக்கம் இருக்கும். குளியல் சோப்பு 9, 10. சிறுநீர் தோலில் நிற்க நிற்க அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. மலத்தில் செரிமான நொதிகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஊறிப்போன தோலில் டெட்டாலும் சோப்பும் சேர்ந்தால் எரியத்தான் செய்யும்.

டெட்டாலை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மலம் ஒட்டியிருந்தால் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுங்கள், தானாக வழுக்கி வந்துவிடும். அப்புறம் பழைய வேட்டித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்கக் கூடாது. தொடை மடிப்பு, விதைப்பைக்கு அடியில் எல்லாம் விரித்துப் பார்த்து ஒற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு ஜிங்க் ஆக்சைடு கிரீம், சப்பாத்திக்கு எண்ணெய் தடவுகிற அளவுக்கு மெல்லிசாக. அடுத்த முறை அழுக்கை மட்டும் எடுங்கள். கீழே இருக்கும் வெள்ளைப் படலத்தைச் சுரண்ட வேண்டாம், அதுதான் காவல். பெண்களாக இருந்தால் எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும்.

பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டியாகி, மடிப்புக்குள் மணல் மாதிரி உராயும்.

இது டயப்பர் புண்ணா, படுக்கைப் புண்ணா? எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

இடத்தைப் பாருங்கள். ஈரம் படுகிற இடமெல்லாம் பரவலாகச் சிவந்திருந்தால் பெரும்பாலும் ஈரத்தால் வந்தது. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடத்தில் வட்டமாக இருந்தால் அழுத்தத்தால் வந்தது. விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சிவந்த இடத்தை மசாஜ் செய்யாதீர்கள். முன்பெல்லாம் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது வழக்கம். அது இரண்டுமே தப்பு என்று பின்னால் தெரிந்தது.

ராத்திரி படுக்கை நனையாமல் இருக்க மாலை 5 மணிக்கு மேல் பாட்டிக்குத் தண்ணீர் தருவதில்லை. சரிதானா? (தஞ்சாவூர்)

இல்லை தம்பி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும், எரிச்சல் கூடும், மலம் இறுகும். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிவதைப் பலர் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். பகலிலேயே நிறையக் கொடுங்கள், படுக்கும் முன் கொஞ்சம் குறையுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

குழந்தைப் பவுடர் கொஞ்சமாகவாவது? (ஈரோடு)

வேண்டாம்.

டயப்பரே விஷம். எங்கள் வீட்டில் தாத்தாவுக்குக் கடைசிவரை பழைய வேட்டித் துணிதான், ஒரு புண் வரவில்லை. நீங்கள் ஏன் டயப்பரைக் கண்டிக்கவில்லை? (காரைக்குடி)

அண்ணா, உங்கள் தாத்தாவுக்குப் புண் வராததற்குக் காரணம் துணியை நனைந்த உடனே யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாதான். ஆனால் துணியில் காற்றோட்டம் உண்டே! டயப்பர் ஒன்று 40 ரூபாய், வெயில் காலத்தில் வெந்துபோகிறது.

காற்றோட்டம், செலவு இரண்டிலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நனைந்த துணி ஈரத்தைத் தோலோடு ஒட்டவைக்கும். நல்ல டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆள் இருக்கிற வீட்டில் பகலில் துணி, ராத்திரி டயப்பர் என்று வைக்கலாம். நான் போகும் பல வீடுகளில் இருப்பது ஒரே மருமகள், அவரும் வேலைக்குப் போகிறவர். அவரிடம் ஒரு நாளைக்குப் பத்துத் துணி துவைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. செலவை மிச்சப்படுத்த ஒரே டயப்பரைக் காலையிலிருந்து ராத்திரிவரை விடுவதைத்தான் நான் கண்டிக்கிறேன். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். சிறுநீருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும்போதே தொட்டுப் பார்த்துவிடலாம். தினமும் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல், ரப்பர் ஷீட் மேல் பருத்தித் துணி விரித்துக் காற்றாட விடுங்கள்.

மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்டில் முதலில் குறைந்தது, இப்போது ஓரங்களில் சின்னச் சின்னப் பொரி. (விழுப்புரம்)

பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதலில் சிவப்பை அமுக்கும், பின்னால் பூஞ்சையை வளர்த்துவிடும். டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டிருக்கிறது. பை எங்கே மாட்டுவது? (மதுரை)

இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல்.

மூலிகைப் பவுடர் போடலாமா? (கோவை)

பவுடர் எதுவானாலும் மேலே சொன்ன பதில்தான். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்க யாராவது உண்டா? வசதியில்லை. (கிருஷ்ணகிரி)

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்கான வலி நிவாரணச் சேவையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். உங்கள் மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

அம்மாவுக்கு நான் ஒருவன்தான். நான் கழுவப் போனால் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுகிறார். (திருச்சி)

தம்பி, அவசரப்படாதீர்கள். முதலில் கதவைச் சாத்துங்கள். மடித்த வேட்டியை இடுப்பிலிருந்து முழங்கால்வரை போர்த்தி, அதற்குள் கைவிட்டுச் செய்யுங்கள், பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் விலக்குங்கள். "அம்மா, இப்போ தண்ணி ஊத்தப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் கை அசையும் என்றால் நனைத்த துணியை அவர் கையில் கொடுத்து, முன்பக்கத்தை அவரையே துடைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள். பின்பக்கம் மட்டும் நீங்கள்.