கால்வாயில் போட்ட ஷாஃப்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். மணலி பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறேன். என் மகன் நாலாவது படிக்கிறான். போன வாரம் கணக்குப் பரீட்சையில் 31 மார்க். அந்தப் பேப்பரில் என் கையெழுத்தை அவனே போட்டு டீச்சரிடம் கொடுத்திருக்கிறான். டீச்சர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு "நான் போடலை" என்று கடைசிவரை சாதித்தான். கோபத்தில் பெல்ட்டால் அடித்துவிட்டேன். ராத்திரி தூங்கும்போது அவன் காலில் இருந்த தழும்பைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. ஆனால் ஒன்பது வயதிலேயே இப்படி என்றால் நாளைக்கு என்ன ஆவான்?

எல்லாம் இந்த ஏரியாவால் வந்தது என்று நினைக்கிறேன். சாயங்காலமானால் தெருமுனையில் கேரம் போர்டே கதி என்று கிடந்தான், அதை நிறுத்திவிட்டேன். நீதிபோதனை வகுப்பு நடத்துகிற பள்ளிக்கு மாற்றலாமா? வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணா நகர் பக்கம் போய்விடலாமா? பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்கும் புத்தகம் ஏதாவது சொல்லுங்கள். வேலையில் ஆயிரம் இருக்கும், ஆடிட் வந்தால் நாங்களே அளக்காமல் செக்‌ஷீட்டை நிரப்புவோம், அது பிழைப்பு, வேறு விஷயம். பிள்ளையாவது நேர்மையாக வளர வேண்டும் என்பதுதான் ஆசை. என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

போன மாதம் ஒரு சாவுக்காக ஓட்டேரி பக்கம் போயிருந்தேன். அங்கே ஓடும் நல்லா கால்வாயில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி சேற்றை அள்ளிக் கரையில் கொட்டக் கொட்ட, வந்த காரியத்தை மறந்து அந்தக் கறுப்புச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் எங்கேயோ நான் போட்ட இரும்பு கிடக்கிறது. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் உங்கள் கடிதம் வந்து தொட்டது. அதனால் உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஏரியா. வடசென்னைக்காரரே வடசென்னையைப் பற்றி இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. நம் தெரு ஆட்கள் வெல்டிங் வைத்த பெட்டிகளில்தான் இந்தியா முழுக்க ஜனங்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப் போகிறார்கள். கை சுத்தமும் மனசு சுத்தமும் இல்லாத ஊரில் அது நடக்காது. அண்ணா நகரிலும் பரீட்சை வைப்பார்கள், பேப்பரில் அப்பா கையெழுத்துக் கேட்பார்கள். பெல்ட்டும் உங்களோடு வரும். அப்புறம் எதற்கு வீடு மாற்றம்? இதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை.

கேரமை நிறுத்தியதுதான் நீங்கள் செய்ததிலேயே பெரிய தப்பு. அடித்ததைச் சொல்லவில்லை, அதற்கு வருகிறேன். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினார். உங்கள் பையனும் தங்கம் வாங்குவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தெருமுனைப் போர்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே நடுவர் கிடையாது. கை தவறிக் காயில் பட்டால் பட்டவன்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன், எடுத்த காயைத் தானே திரும்ப வைக்க வேண்டும். வைக்காதவனை மறுநாள் யாரும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். பியாஜே என்ற அறிஞர் ஸ்விட்சர்லாந்தில் தெருவில் கோலி ஆடும் பையன்களோடு உட்கார்ந்து, விதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு 1932-ல் ஒரு புத்தகம் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே முடியாதது என்று நினைக்கின்றன. பத்து வயதை ஒட்டித்தான், விதி நாம் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டது, அதனால் காப்பாற்ற வேண்டியது என்ற எண்ணம் வருகிறது. அதுவும் சமமானவர்களோடு ஆடி ஆடி வருவது. உங்கள் பையனுக்கு ஒன்பது. சரியாக அந்த வயதில் அவனைப் போர்டிலிருந்து எழுப்பி வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நீதிபோதனை வகுப்பு வேண்டாம். 1928-லேயே அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நேர்மையைப் பற்றி நிறையக் கேட்ட பிள்ளை ஏமாற்றாது என்றில்லை. ஒரு இடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னொரு இடத்தில் ஒழுங்காக இருந்தது. ஆக, பிள்ளையை விட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீடு என்ன இடம்?

இப்போது ஷாஃப்டுக்கு வருகிறேன்.

1982-ல் எனக்குப் பதினேழு வயது. நல்லாவின் கரையை ஒட்டி ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். பம்புசெட் மோட்டாருக்கு ஷாஃப்ட், அதாவது உள்ளே சுழலும் இரும்புத் தண்டு, கடைகிற வேலை. பேரிங் உட்காருகிற இடம் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடைசல் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், கூட இருந்தால் பயமில்லை, இன்னொரு கட் எடுத்து, அதாவது இன்னொரு தடவை சீவி, குறைக்கலாம். குறைந்தால் போச்சு. எடுத்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது. பாயின்ட் ஒன்று குறைந்தால்கூட பேரிங் வழுக்கும். அந்தப் பட்டறையில் ஒரு ஜாப் கெட்டால் இரும்பின் விலையை வாரக்கூலியில் பிடிப்பார்கள். பிடிப்பதோடு விட மாட்டார்கள், எல்லார் எதிரிலும் பின்மண்டையில் அடி. என் வாரக்கூலி 35 ரூபாய். அதில் 30 அம்மாவுக்கு.

முதல் ஷாஃப்ட் கெட்டபோது பக்கத்து லேத்தில் இருந்த பையன் கண்ணாலேயே ஜன்னலைக் காட்டினான். ஜன்னலுக்குப் பின்னால் நல்லா. சாப்பாட்டு நேரத்தில் ஷாஃப்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டேன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஒன்பது மாதத்தில் மூன்று ஷாஃப்ட் போட்டேன். நான் மட்டுமல்ல, அங்கே வேலை பார்த்த ஆறு பேரும் போட்டோம். முதலாளி இரும்பு குறைகிறது என்று எங்கள் பையைச் சோதித்தார், வாசலில் ஆள் வைத்தார். நாங்கள் திருடுகிறோம் என்று கடைசிவரை நம்பினார். அவருடைய இரும்பு எல்லாம் அவர் ஜன்னலுக்குக் கீழேயே கிடந்தது.

நாலாவதை நான் போடவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கருவியை வைத்து பேரிங் இடத்தைச் சுற்றிலும் குத்திப் புள்ளி வைத்தேன். புள்ளியைச் சுற்றி உலோகம் கொஞ்சம் மேலெழும்பும், பேரிங் இறுகிப் பிடித்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ஆட ஆரம்பிக்கும். அந்த ஷாஃப்ட் எந்த ஊர்க் கிணற்றுக்குப் போனது, எந்தப் பயிருக்குத் தண்ணீர் நின்றது, எனக்குத் தெரியாது. அதைச் செய்தபோது என் கை நடுங்கவில்லை. அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் கை பழகிவிட்டது.

அப்புறம் பெரம்பூரில் இன்னொரு பட்டறைக்கு மாறினேன். சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு ஜாப் குறைந்துவிட்டது. ஜன்னலைத் தேடினேன், கால்வாய் இல்லை. மேஸ்திரி பின்னாலேயே நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன், அடி விழும் என்று. அவர் ஷாஃப்டை வாங்கி மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "எந்த கட்டுல வுட்ட?"

எனக்குப் புரியவே இல்லை. ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை, கண் எங்கே போச்சு என்று கேட்கவில்லை. எந்த கட்டில். யோசித்துச் சொன்னேன். கடைசி கட்டுக்கு முன்னால் அளக்காமல் டூலை உள்ளே கொடுத்துவிட்டேன். "சரி, வெல்டிங் வெச்சி எட்தா, திருப்பிக் கடையலாம்" என்றார். ஷாஃப்ட் பிழைத்தது. எனக்கும் அன்றைக்குத்தான் அளவு பார்க்கத் தெரிந்தது. அந்தப் பட்டறையில் ஒரு மேஜை இருந்தது. கெட்ட ஜாப்பை ஷிஃப்ட் முடிவதற்குள் அதில் கொண்டுவந்து வைத்தால் கூலியில் பிடிக்க மாட்டார்கள். ஒளித்து வைத்துப் பிறகு தெரிந்தால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். அங்கே இருந்த ஏழு வருடத்தில் அப்படி ஒருத்தரும் போகவில்லை.

ஆட்கள் ஒன்றுதான், தம்பி. முதல் பட்டறையில் என்னோடு இருந்த ஒருவன் பின்னால் இரண்டாவதற்கும் வந்தான். அங்கே பொய் சொன்ன அதே வாய் இங்கே உண்மையைச் சொன்னது. அவனுக்கும் எனக்கும் நடுவில் யாரும் நீதிக்கதை சொல்லவில்லை.

இதையே சின்னப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். டால்வர், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011-ல் எழுதினார்கள். ஒன்றில் தப்புக்கு அடி. இன்னொன்றில் கண்டிப்பு மட்டும். மூன்று நாலு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துவிட்டன, அது அந்த வயது. பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடிக்காத பள்ளியில் கணிசமான பிள்ளைகள் உண்மையைச் சொல்லின. அடிக்கிற பள்ளியில் ஏறக்குறைய எல்லாரும் பொய் சொன்னார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளாமல் திறமையாக. மறுபடி சொல்கிறேன், அடி அந்தப் பிள்ளைகளைப் பொய்யிலிருந்து மீட்கவில்லை. பொய்யில் தேர்ச்சி கொடுத்தது. உங்கள் பையன் கடைசிவரை "நான் போடலை" என்று சாதித்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சாதிப்பு எத்தனை நாள் பயிற்சி என்று எண்ணிப் பாருங்கள். இது முதல் அடி இல்லை, அப்படித்தானே?

பள்ளியில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 2009-ல் சட்டமே வந்துவிட்டது, கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு. உங்கள் வாசற்படிக்கு இந்தப் பக்கம் மட்டும் அவன் அடி வாங்குகிறான். தழும்பைப் பார்த்து அழுதேன் என்றீர்கள். அந்த அழுகையை நான் நம்புகிறேன். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், தம்பி. அவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பெல்ட் மட்டும்தான்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். லீயும் டால்வரும் மற்றவர்களும் அதையும் பார்த்தார்கள். 2014-ல், 268 பிள்ளைகள், மூன்றிலிருந்து ஏழு வயது. நாம் 'புலி வருது' என்று சொல்லும் கதை அங்கே ஓநாய்க் கதை, பொய் சொன்னவனுக்குக் கேடு வருவது. அதைக் கேட்ட பிள்ளைகள் கூடுதலாக உண்மை சொல்லவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள் சொன்னார்கள். அதில் அப்பா, உண்மையைச் சொன்னாயே என்று மகிழ்கிறார். அந்த முடிவை மாற்றித் தண்டனையாக்கியதும் கதைக்குப் பலன் போய்விட்டது. அந்தக் கதையை நீங்களே சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் அந்த அப்பாவாகவும் இருக்க வேண்டும்.

கடைசியில் அந்த செக்‌ஷீட். "அது வேறு விஷயம்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். வேறு இல்லை. உங்கள் பையன் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டான். நீங்கள் அளவு பார்க்கிற வெர்னியரின் பெயரில் போடுகிறீர்கள். உங்களைத் திருடன் என்று சொல்ல மாட்டேன், நான் பஞ்ச் அடித்தவன். உங்கள் கம்பெனியும் ஜன்னலுக்குக் கீழே கால்வாய் ஓடுகிற பட்டறை என்பது எனக்குப் புரிகிறது. ரிஜெக்‌ஷன் அதிகமானால் உங்கள் சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்றும் ஊகிக்க முடிகிறது. ஆனால் அந்தப் பாகம் ஒரு வண்டியில் போய் உட்காரும், அதில் யாரோ ஏறுவார்கள். அளக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள். நாளைக்கே எல்லாக் கட்டத்தையும் என்று சொல்லவில்லை. ஒரு ஷிஃப்டில் ஒரு கட்டம். கேட்டால், நேரமில்லை, அளக்கவில்லை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் தொண்டை எப்படி அடைக்கிறது என்று கவனியுங்கள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் எதிரில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அப்படித்தான் அடைத்தது.

இன்று சாயங்காலம் அவனைக் கேரம் ஆட அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பரீட்சைப் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கையெழுத்துப் பேச்சை எடுக்காதீர்கள். 31 மார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கணக்கில் விட்டான் என்று எழுதவில்லை. அதை அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.